இரண்டு பாதிக்கும் செய்த ஜெபம்

கோலா சாவாவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் நான் பதினாறு வருடமாக ஆபீஸ் கிராணி; கணக்கு எழுதுவது என் வேலை. விமலா அங்கே வெளிவேலையை மேற்பார்க்கும் பீல்டு கண்டக்டர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால், மதியம் வரை மரங்களுக்கு நடுவில்தான் இருப்பார். ஆபீஸுக்குத் திரும்பும்போது சட்டைக் கையில் முள் கிழித்திருக்கும். கணக்குப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "தப்பு இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க, அப்புறம் மேனேஜருக்கு" என்பார். தப்பு அதிகம் இருந்ததில்லை.

அவர் பிறந்ததும் இதே தோட்டத்தில்தான். அப்பா டிராக்டர் ஓட்டினார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ரந்தாவ் பட்டணத்தில் ஒரு கடை வீட்டு மாடியில் நடக்கும் தமிழ்ச் சபைக்கு ஞாயிறு தவறாமல் போவார்கள். சிரம்பானில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்தபோது உயிரியலில் வகுப்பிலேயே விமலாதான் முதல். அப்போது சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இந்தப் பாடத்த ஆழமா படிச்சா புள்ளைக்கு விசுவாசம் ஆடிப்போயிடும்" என்று அப்பாவை எச்சரித்திருக்கிறார். அதே வருடம் ஓர் ஆசிரியர் விமலாவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, லேபுக்குள் வரும்போது அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாமே என்று சிரித்தாராம்.

"ஆளாளுக்கு என்னைய ரெண்டா வெட்டப் பாத்தாங்க" என்று விமலா ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார். தோட்டத்தில் வேலை காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டார்.

நான் சொல்லவந்தது பதினெட்டாம் பிளாக்கைப் பற்றி. பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புது ரகக் கன்றுகளை நட்ட இடம் அது. மரங்கள் செழிப்பாக வளர்ந்தன. நாலாம் வருடம் குலைகளும் வந்தன. ஆனால் முள்ளை விலக்கிப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் சோடைக் காய்கள். கொட்டை இல்லை, எண்ணெய் இல்லை. சில குலைகள் பழுக்காமலே கறுத்து அழுகின. ஆலையிலிருந்து லோரி லோரியாகக் குறை வந்தது.

கம்பெனியின் பயிர் ஆலோசகர் டாக்டர் மகேந்திரன் வந்து பார்த்தார். உரத்தைப் பற்றியும் மர நோய்களைப் பற்றியும் வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஓலைகளை வெட்டி எடுத்துப்போய்ச் சோதித்து, மண்ணில் போரான் சத்துக் குறைவு என்றார். அதைப் போட்டோம். ஆறு மாதம் ஆயிற்று. ஓலை நன்றாகப் பச்சை பிடித்தது, குலை மாறவில்லை.

அப்போதுதான் மேனேஜர் ஒருநாள் பெரட்டில் சொன்னார்: அடுத்த வருடக் கடைசிக்குள் அந்தப் பிளாக் தேறாவிட்டால் எங்கள் டிவிஷனை மூடிவிட்டு, ஆட்களை வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டிவரும். வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு எந்தத் தோட்டமும் ஒன்றுதான். ஆனால் தோட்டக் குவாட்டர்ஸ் வீடுகளில் இருந்த இருபத்திரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விட்டால் வேறு ஊர் இல்லை.

மாயாண்டி எங்கள் மண்டோர். குலை வெட்டும் கூட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. மறுநடவின்போது பிளாக் ஓரத்து முனியாண்டி மேடையை இடித்ததுதான் காரணம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். "எடம் கொடுக்காம எப்படி லா காய் கொடுப்பாரு?" என்று என்னிடமே கேட்டார். விமலாவின் சபையில் சிலர் அதே மேடையைக் காட்டி, அங்கே இருந்த கெட்ட ஆவியின் பிடி இன்னும் விடவில்லை என்றார்கள். இரண்டு தரப்பும் விமலாவிடம் வந்து சொன்னது. இரண்டு பேரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"இருக்கலாம், இல்லாம இருக்கலாம். நான் இன்னும் ஒண்ணையும் எண்ணிப் பாக்கல."

சபை போதகர் ஏசடியான் மென்மையான மனிதர். மூன்று நாள் உபவாசம் அறிவித்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சபையார் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு பதினெட்டாம் பிளாக்குக்கே வந்து, மரங்களுக்கு நடுவில் நின்று ஜெபித்தார். விமலாவும் கண்ணை மூடி நின்றார். அங்கேதான் அது நடந்தது. போதகர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்க, விமலாவுக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகு மூக்குதான் சொன்னது: சோம்பு வாசம் இல்லை.

செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ மலர்ந்தால் சோம்பு வறுத்தது போல வாசம் வரும். அந்த வாசத்துக்கு, அரிசியைவிடச் சிறிய ஒரு கறுப்பு வண்டு கூட்டம் கூட்டமாக வந்து, மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பெண் பூவுக்குப் பறக்கும். பழைய பிளாக்குகளில் காலை பத்து மணிக்கு நின்றால் வாசம் முகத்தில் அடிக்கும், சட்டையில் நாலு வண்டாவது ஊரும். இங்கே பச்சை ஓலை வாசத்தைத் தவிர ஒன்றுமில்லை. விமலா ஜெபத்துக்கு நடுவிலேயே கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். ஆமென் சொன்ன கையோடு மாயாண்டியைத் தேடிப் போனார்.

"அண்ணே, இந்தப் பிளாக்ல ஆண் பூ எங்க?"

"காஞ்சதையெல்லாம் வெட்டிடுவோம், தங்கச்சி. பழைய மேனேஜர் போட்ட ஆர்டர். மரம் சுத்தமா இருக்கணும், பூச்சி அடையக் கூடாதுன்னு."

"வெட்டினத என்ன பண்றீங்க?"

"குழி தோண்டிப் போட்டு மூடிடுவோம். எத்தன வருசமா பண்றோம்."

விமலாவுக்கு அந்த இடத்திலேயே பாதி விளங்கிவிட்டது. அந்த வண்டு முட்டையிடுவது வாடிப்போன ஆண் பூவில்தான். குஞ்சு வளர்வதும் அதற்குள்தான். புது ரக மரங்கள் பெண் பூவையே அதிகம் விடும். ஆண் பூ சொற்பம். அந்தச் சொற்பத்தையும் வெட்டிப் புதைத்தால் வண்டு எங்கிருந்து வரும்?

பாதி விளங்கியதை முழுதாக விளங்கியதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் எண்ணினார். பத்து ஹெக்டேரில் எத்தனை ஆண் பூ மலர்ந்திருக்கிறது, ஒவ்வொரு பூவிலும் எத்தனை வண்டு. ஏணி வைத்து மாயாண்டிதான் ஏறுவார். பூவைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி வெட்டி இறக்குவார். விமலா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைப்பார். குளிரில் வண்டுகள் அசையாமல் ஆனபிறகு எண்ணுவார். அவர் கணவர் செனவாங்கில் பேக்டரி பஸ் ஓட்டுகிறார். ஒருநாள் மீன் பொட்டலம் என்று நினைத்து வேறொரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, அன்றைக்கு அவரே மீ கோரெங் வாங்கிவந்து சாப்பிட்டாராம்.

பழைய ஒன்பதாம் பிளாக்கில் ஹெக்டேருக்கு நாலைந்து பூ, பூவுக்கு ஆயிரக்கணக்கில் வண்டு. பதினெட்டில் ஐந்து ஹெக்டேர் நடந்தால் ஒரு பூ. அதில் முந்நூறு வண்டு இருந்தால் அதிகம்.

டாக்டர் மகேந்திரன் அடுத்தமுறை வந்தபோது விமலா கணக்கை அவர் முன்னால் வைத்தார். அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இது ஆறு வாரக் கணக்கு, விமலா. அதுலயும் மூணு வாரம் மழை. மழைக்கும் வண்டு கொறையும். ரெண்டு பிளாக்குல மரமும் வேற, வயசும் வேற. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது லா."

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். விமலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எப்படிப் பாத்தா சொல்லலாம், டாக்டர்?"

மகேந்திரன் ஒரு தாளில் பதினெட்டாம் பிளாக்கை வரைந்து நடுவில் கோடு போட்டார். "ஒரு பாதியில ஆண் பூவத் தொடாதீங்க, காஞ்சாலும் மரத்துலயே இருக்கட்டும். இன்னொரு பாதியில இப்ப பண்ற மாதிரியே வெட்டுங்க. நடுவுல இருபது நிரைய விட்டுடுங்க, அத எண்ண வேணாம். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பக்கமும் நாப்பது நாப்பது குலைய உதுத்து எண்ணுங்க. எந்த மரம்னு இப்பவே சீட்டுப் போட்டு எடுத்திடுங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

ஏசடியான் போதகருக்கு அந்த ஏற்பாடு சங்கடமாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்டார்.

"தெரிஞ்சே ஒரு பாதிய அப்படியே விடறதா, சிஸ்டர்? எல்லாமே நல்லா வரணும்னுதானே ஜெபிக்கிறோம்."

"ஜெபம் ரெண்டு பாதிக்கும் பண்ணுங்க, பாஸ்டர். கத்தி மட்டும் ஒரு பக்கம் நிக்கட்டும்."

அப்படியே நடந்தது. வாராவாரம் சபை முழு பிளாக்குக்காகவும் ஜெபித்தது. மாயாண்டியும் தன் பங்குக்கு பிளாக் ஓரத்தில் ஒரு கல்லை நட்டுச் சூடம் ஏற்றினார். அவரும் பாதி பார்த்து ஏற்றவில்லை.

செம்பனையில் பூ பிடித்துக் குலை பழுக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிசம்பரில் மழை பெய்து தள்ளியது. வெட்டாத பாதியின் ஓரத்தில் ஓடும் பாரிட் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, ஆறு நிரை முழங்கால் தண்ணீரில் ஒரு வாரம் நின்றன.

ஜூனில் எண்பது குலையையும் விமலாவும் மாயாண்டியும் நாலு நாள் உட்கார்ந்து உதிர்த்து எண்ணினார்கள். விரலெல்லாம் முள். கணக்கை டைப் செய்தது நான். வெட்டாத பாதியில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று காய் தேறியிருந்தது. வெட்டிய பாதியில் நாற்பது. வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. தாளை மேலும் கீழும் பார்த்தபோது கண்ணில் பட்டது: வெட்டாத பாதியில் பதினொரு குலைகள் தண்ணீர் நின்ற நிரையிலிருந்து வந்தவை. எல்லாமே இருபதுக்குக் கீழே. கால்குலேட்டரைத் தட்டினேன்.

"இந்தப் பதினொண்ணையும் எடுத்திட்டா அம்பத்திரண்டு வருதுங்க" என்றேன். "வெள்ளத்துல நின்ன மரம். எடுக்கறது நியாயம்தான். யாரும் கேக்கமாட்டாங்க."

விமலா என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த எண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குவாட்டர்ஸில் இருபத்திரண்டு குடும்பம்; அதில் ஒன்று அவருடையது. பிறகு வெளியே போய்க் குழாயடியில் கையைக் கழுவினார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"வேணாங்க. தண்ணி ஏறினா எடுத்துடுவோம்னு மொதல்லயே எழுதி வச்சிருந்தா எடுத்திருக்கலாம். நம்பர் பாத்தபிறகு எடுத்தா அது பொய். நாப்பத்து மூணுன்னே போடுங்க. கீழ தண்ணி நின்ன கதைய எழுதுங்க, பதினொரு மரத்தோட நம்பரையும் போடுங்க. முடிவ டாக்டர் சொல்லட்டும்."

"டிவிஷன மூடிட்டா?"

"உண்மை தெரியாம தொறந்து வச்சா மட்டும் காய் வந்திடுமா?" என்றவர் தொடர்ந்தார்: "இந்த மரத்த உண்டாக்கினவருக்கு என்னோட பொய் ஒண்ணும் தேவைப்படாது. இது எப்படிக் காய்க்குதுன்னு அவரே ஒரு ஒழுங்கு வச்சிருப்பாரு. எனக்கு அது தெரியல, அவ்வளவுதான். தேடினா தெரியும்."

அதை அவர் சொன்ன விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சாக அது இல்லை. நாளைக்கு லோரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் கடவுள் விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்கிறவன் இல்லை. தைப்பூசத்துக்குப் போவேன், வருவேன். ஆனால் அந்த நிமிடம் என் கால்குலேட்டரை அணைத்துவிட்டு நாற்பத்து மூன்று என்று டைப் செய்தேன்.

மகேந்திரன் அறிக்கையைப் படித்துவிட்டு நேரில் வந்தார். பதினொரு மர நம்பரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இத ஏன் விட்டு வச்சீங்க? எடுத்திருந்தா உங்க பக்கம் ஜெயிச்சிருக்குமே."

"எனக்குப் பக்கம் கெடையாது டாக்டர்."

அவர் அறிக்கையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மேனேஜரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். அந்த அறிக்கையைத் தான் முழுக்க நம்புவதாகவும், நம்புவதால்தான் இன்னொரு ஆறு மாதம் கேட்பதாகவும் சொன்னாராம். கிடைத்தது. பாரிட் கரையை உயர்த்தினார்கள். புதிதாகச் சீட்டுப் போட்டு மரங்களை எடுத்தார்கள். இந்தமுறை மழைத் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலையிலேயே விமலா ஒருநாள் காலை ஆபீஸ் ஜன்னலில் சட்டைக் கையை நீட்டினார். அதில் மூன்று வண்டுகள் ஊர்ந்தன. "பதினெட்டுல இருந்து வந்திருக்காங்க" என்றார். வருடக் கடைசியில் எண்ணியபோது வெட்டாத பாதியில் அறுபத்து நாலு, வெட்டிய பாதியில் நாற்பத்திரண்டு. மகேந்திரன் தானே ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார். மறுவாரமே முழு பிளாக்கிலும் ஆண் பூவை வெட்டுவது நின்றது. டிவிஷனை மூடும் பேச்சை மேனேஜர் பிறகு எடுக்கவில்லை.

சபையில் சந்தோஷம் தாங்கவில்லை. ஏசடியான் போதகர் விமலாவை மேடைக்கு வந்து சாட்சி சொல்லும்படி அழைத்தார். ஜெபத்தினால் தோட்டம் காய்த்தது என்று நோட்டீசில்கூடப் போட்டுவிட்டார்கள். விமலா அதை எடுத்துக்கொண்டு போதகரைப் பார்க்கப் போனார்.

"பாஸ்டர், இத நான் சொல்ல முடியாது. நாம ரெண்டு பாதிக்கும்தானே ஜெபிச்சோம். ஒரு பாதிதான் காய்ச்சது. இப்படிச் சொன்னா அது சாட்சி இல்ல, பொய்ச்சாட்சி."

போதகர் நொந்துபோனார். "அப்ப நாம ஜெபிச்சது வீண்னு சொல்றீங்களா, சிஸ்டர்?"

"அப்படிச் சொல்லல. அன்னிக்கு நீங்க எங்கள அங்க கூட்டிட்டுப் போய் நிக்க வைக்கலன்னா, அந்த நேரத்துல நான் கண்ண மூடிச் சும்மா நின்னிருக்க மாட்டேன். வாசம் இல்லன்னு தெரிஞ்சிருக்காது. அத நான் சொல்வேன். ஆனா காய் வந்தது ஆண் பூவ வெட்டாததால. அதையும் சொல்வேன். ரெண்டையும் சொல்ல விட்டா மேடைக்கு வர்றேன்."

போதகர் அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவரே போன் செய்தார். ஞாயிறன்று விமலா ஒரு செம்பனைப் பூவையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். நானும் அன்று போயிருந்தேன், மாயாண்டியோடு. அவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். அறுபத்து நாலையும் சொன்னார், நாற்பத்து மூன்றையும் சொன்னார். சபையார் வரிசையில் வந்து வண்டைப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். விமலாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் ஒரு சொல்லைக்கூட அவர் திரும்ப வாங்கவில்லை. மாயாண்டி வெளியே வந்ததும், கல் நட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். "அதுவும் ரெண்டு பாதிக்கும்தானே, அண்ணே" என்று விமலா சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

மகேந்திரன் இதைக் கேள்விப்பட்டு ஆபீஸில் சீண்டினார். "உங்க ஜெபத்துக்கு நீங்களே சோதனை வச்சு, அது வேலை செய்யலன்னு நிரூபிச்சிட்டீங்களே, விமலா."

"நான் காய் கேட்டு ஜெபிக்கல டாக்டர். மத்தவங்க கேட்டாங்க. நான் கேட்டது வேற."

"என்ன கேட்டீங்க?"

"எனக்கு நானே பொய் சொல்லிக்காம இருக்கணும்னு. அதுக்கு நீங்க ஒரு கோடு போட்டுக் கொடுத்தீங்க. அந்தப் பதினொரு மரத்த எடுக்காம விட்ட அன்னிக்கு, குழாயடியில எனக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அங்க நான் தனியா நிக்கல. இத என்னால எண்ணிக் காட்ட முடியாது, எண்ணிட்டேன்னும் சொல்லமாட்டேன்."

மகேந்திரன் தலையை ஆட்டினார். "நான் இன்னும் நம்பல" என்றார்.

"தெரியும். ஆனா கணக்குல என்னைய நம்பறீங்கல்ல."

"அத நம்பறேன்."

அவர் கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில் தன் பெயருக்குப் பக்கத்தில் விமலாவின் பெயரையும் மாயாண்டியின் பெயரையும் போட்டார். மாயாண்டி அதை பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

போன மாதம் ரெம்பாவ் பக்கத்துத் தோட்ட மேனேஜர் ஒருவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். அவர்களிடம் ஆண் பூ ஏராளமாக இருந்தும் வண்டு நிற்கவில்லையாம். எலி வந்து குஞ்சைத் தின்கிறதோ என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். நான் போனை விமலாவிடம் கொடுத்தேன்.

"ஞாயிறு சர்ச் இருக்கு சார்" என்றார் அவர். "திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றேன். எலிதான்னு இப்பவே முடிவு பண்ணி மருந்து வைக்காதீங்க. ஏணியும் பிளாஸ்டிக் பையும் மட்டும் ரெடியா வைங்க."